விசில் அடித்த ஜீப்

டர்போ இல்லாத காலத்து லாரிகளில்தான் அருணகிரி தொழில் கற்றார். கணியம்பாடியில் தகரக் கூரை போட்ட ஷெட். கூட வேலை பார்த்த விஜயராஜ் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தை வாயாலேயே அடித்துக் காட்டுவான். எந்த லாரி, அதற்கு என்ன கோளாறு என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். தோற்றவன் அன்றைக்குப் பல்சக்கரம் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும். சந்தவாசலில் சொந்த ஷெட் போட்டு முப்பது வருடம் ஆன பிறகும், புது வண்டி எதுவும் உள்ளே வந்தால் அருணகிரி முதலில் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார்.

மலையிலிருந்து ஆட்களை ஏற்றி இறக்கும் மணிவேலின் ஜீப் அன்று விசில் அடித்துக்கொண்டே வந்து நின்றது. முன்னால் ஏழு எலுமிச்சம்பழம் தொங்கியது.

"ஏத்தத்துல இழுக்கவே மாட்டுதுணா. கரும்புகை வேற. ஒருத்தர் பசை வெச்சி அடச்சாரு. நாலு நாள் சும்மா இருந்துச்சி, மறுபடியும் கூவுது."

"எப்பலேர்ந்து?"

மணிவேல் குரலைத் தாழ்த்தினான். "குப்பம்மாள் முன்சீட்ல ஏறுன அன்னிலேர்ந்து. புருஷன் செத்து மூணு மாசம்கூட ஆவல. இப்ப அவங்கள ஏத்தறதே இல்லணா."

குப்பம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். பத்து நாளாக மூன்று மணி நேரம் மலையிறங்கி நடந்து, இந்த ஷெட்டைத் தாண்டி மூச்சு வாங்க ஓடுகிறார். முந்தாநாள் தண்ணீர் கேட்டு நின்றபோது, "இன்னொரு நாள் லேட்டானா வேற ஆளப் போட்டுடுவேன்னு சொல்ட்டாங்கணா" என்றார். ஜீப்பில் ஏன் வரவில்லை என்று அருணகிரி கேட்டதும், செம்பை வைத்துவிட்டு ஓடினார். இப்போது பதில் தெரிந்துவிட்டது. இரும்பு செய்த தப்புக்கு ஒரு பெண்ணை நடக்கவிட்டுத் தண்டிக்கிறார்கள்!

அவர் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தினார்.

மணிவேல் சிரித்துவிட்டான். "இன்னாணா, சாமியே இல்லம்பீங்க, ஊதுபத்தி கொளுத்துறீங்க?"

"சாமிக்கு இல்லடா. வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு வந்து இங்க பாரு."

எஞ்சினிலிருந்து புகையை வாங்கி வரும் மேனிபோல்டும் டர்போவும் சேரும் இடத்தில் அவர் ஊதுபத்தியைக் காட்டினார். நேராக எழும்பிய புகை, அந்த மூட்டுக்கு வந்ததும் யாரோ ஊதியதுபோல் சிதறி ஓடியது. அங்கே கரியும் படிந்திருந்தது.

"எஞ்சினுக்குக் காத்த ஊதுற டர்போவைச் சுத்த வெக்க வேண்டிய பொகை இப்டி வெளிய போவுது. அதான் விசிலு, அதான் இழுக்கல. இதுல குப்பம்மாள் எங்கடா ஒக்காந்திருக்காங்க?"

மணிவேல் போய் எஞ்சினை நிறுத்தினான்.

கழற்றிப் பார்த்தால் ஒரு போல்ட் உடைந்திருந்தது. பசை கருகிப் பொடியாகிக் கிடந்தது. அந்தச் சூட்டில் எந்தப் பசைதான் தாங்கும்? மேனிபோல்ட் டர்போவோடு சேரும் முகம் மயிரிழை அளவு வளைந்திருந்தது. கனத்த கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து, அருணகிரி அந்த முகத்தைத் தேய்க்கத் தொடங்கினார். மெல்ல, வட்டமாக, சமமாகும்வரை. கை அதன் வேலையைப் பார்க்க, மனசு கணியம்பாடிக்குப் போயிற்று.

எண்பத்தொன்பதில் அந்த ஷெட்டில்தான் அவருக்குக் கல்யாணம். நீலாவதிக்கு அப்போது இருபத்தொரு வயது. முதல் கணவர் இறந்து இரண்டு வருடம். ஐயரும் இல்லை, நல்ல நேரமும் இல்லை. ஒரு கியர்பாக்ஸை மாட்டி முடித்துக் கையைக் கழுவிவிட்டு மாலை மாற்றிக்கொண்டார்கள். மேளத்துக்குப் பதில் விஜயராஜ் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தை அடித்தான். ஷெட்டே குலுங்கிச் சிரித்தது. சந்தவாசலுக்கு லாரியில் வந்தார்கள். கேபினில் இடம் இருந்தும், "அந்தப் பொண்ணு முன்னால வேணாம்பா" என்றான் டிரைவர். வேர்க்கடலை மூட்டைகள்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். வழியெல்லாம் நீலாவதி மூட்டை ஓட்டையில் விரலைவிட்டுக் கடலை எடுத்துத் தின்றுகொண்டே வந்தாள். அவர் வாயிலும் போட்டாள். ஜவ்வாது மலை நீலமாகக் கூடவே வந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவர் வேறெந்தப் பயணமும் போனதில்லை.

ஆனால் அந்த டிரைவரை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேய்க்கும் கை நின்றது.

மூட்டுக்கு நடுவில் கசிவை அடைக்கப் புது ஸ்டீல் கேஸ்கெட் வைத்து, புது போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக ஒரே சீராக முறுக்கினார். மணிவேல் பாதி மலை ஏறிப் பார்த்துவிட்டுப் பல்லெல்லாம் தெரிய வந்தான். "பூனை மாதிரி போவுதுணா!"

"நாளைக்குக் குப்பம்மாள ஏத்திக்கினு வா."

"இப்பதான் சரியாச்சி. எதுக்குணா ரிஸ்க்கு?"

அருணகிரி ஸ்பேனரைக் கீழே வைத்தார். "கண்ணால பாத்தியே, அப்பவுமா? கேளு. சூடாகி ஆறுனதும் இந்த போல்ட்டுங்கள இன்னொரு தரம் முறுக்கணும். இல்லன்னா லூசாகி மறுபடியும் கூவும். நாளைக்கு ஏழரைக்கு வா. முன்சீட்ல குப்பம்மாள் இருந்தாதான் ஸ்பேனர எடுப்பேன்."

"மத்தவங்க எறங்கிடுவாங்கணா."

"எறங்கட்டும். மூணு மணி நேரம் நடந்து பாக்கட்டும்."

மறுநாள் காலையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வளைவுகளில் எஞ்சின் உறுமல் மட்டும் இறங்கி வந்தது. ஏழு நாற்பதுக்கு ஜீப் நின்றது. பின்னால் எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்களே தவிர, ஒருவரும் இறங்கி நடக்கவில்லை. முன்சீட்டிலிருந்து குப்பம்மாள் இறங்கினார்.

"மணி இன்னாணா?"

"ஏழு நாப்பது. இன்னும் நேரம் இருக்குதும்மா."

"முறுக்குங்கணா, போவணும்" என்றான் மணிவேல்.

"கொதிக்குது. ஆறட்டும், ஒக்காரு" என்றார் அருணகிரி. குப்பம்மாள் முந்தானையை உதறிச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தார். ஓடவில்லை.