சித்தி எண்ணிய சோழிகள்

என் மாமா சங்கு குளிப்பவர். ஆறு ஆள் ஆழத்துக்கு மூச்சடக்கி இறங்குவார். சுறாவுக்குப் பயப்படாத மனுஷன், எங்கள் சித்திக்குப் பயப்படுவார். அவள் இருபத்திரண்டு வயதில் விதவையாகி எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். தோணிக்குப் புறப்படுகிற ஆள்மேல் அவள் பார்வை விழுந்தால் அன்று சங்கு கிடைக்காதாம். அதனால் விடியற்காலையில் மாமாவின் காலடிச் சத்தம் அடங்கும்வரை அடுப்படிக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

உலக யுத்தம் முடிந்த சமயம், கடற்கரைத் தெருப் பள்ளிக்கூடத்தில் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அவளைக் கூப்பிட்டார்கள். எட்டாவது வரை படித்தவள். ஆனால் தோணிகள் புறப்படும் நேரத்தில் அந்தத் தெருவில்தான் நடந்தாகவேண்டும். தெருவே பட்டினி கிடக்கவா என்று மாமா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

சித்தி இரண்டு சிரட்டைகளை எடுத்துவைத்தாள். ஒரு நாள் ஓலைவேலி இடுக்கு வழியாக மாமா போவதைக் கண்ணாரப் பார்ப்பாள். மறுநாள் பார்க்கமாட்டாள். சாயங்காலம் மாமா சோறு தின்றுகொண்டே அன்றைக்கு எத்தனை சங்கு கிடைத்தது என்று சொல்வார். முப்பது சங்குக்குக் குறையாவிட்டால் ஒரு சோழி, குறைந்தால் ஒரு புளியங்கொட்டை. பார்த்த நாளுக்கு ஒரு சிரட்டை, பாராத நாளுக்கு இன்னொன்று. போடுகிற பொறுப்பு என்னுடையது. எட்டு வயதுப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் ஏது?

எனக்குச் சித்தி என்றால் உயிர். அதனால் பார்த்த நாள் சிரட்டையில் புளியங்கொட்டை விழவேண்டிய போதெல்லாம் சோழியைப் போட்டுவைத்தேன்.

ஒரு மாதம் கழித்து அதைக் கவிழ்த்தாள். அத்தனையும் சோழி. நடுவில் கடல் கலங்கி ஒருவருக்குமே சங்கு கிடைக்காத வாரம் ஒன்று இருந்ததே, அந்தக் கொட்டைகள் எங்கே என்று கேட்டாள்.

"ஏளா, நீ போட்ட சோழிய வச்சி மாமாவ ஏமாத்திரலாம். என்னைய எப்படி ஏமாத்த?" என்றாள்.

இரண்டு சிரட்டைகளையும் முற்றத்தில் கொட்டிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினாள். இந்தத் தடவை அவளே போட்டாள். எனக்கு வந்ததே கோபம்! காரியம் கைகூடுகிற நேரத்தில் இப்படியும் ஒரு கிறுக்கு உண்டா?

நாற்பது நாள் போனது. மாமா சாப்பிட உட்கார்ந்தபோது சிரட்டைகளை அவர் முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னாள். பார்த்த இருபது நாளில் பதினொரு சோழி. பாராத இருபது நாளில் பன்னிரண்டு. ஒன்று குறைகிறதே என்றார் மாமா. ஒன்று கூடும், ஒன்று குறையும், என் பார்வை பொல்லாததென்றால் ஒன்றோடா நிற்கும் என்று கேட்டாள். மாமா எச்சில் கையோடு சோழிகளைத் தள்ளித் தள்ளி இரண்டு தடவை எண்ணினார்.

"இருபது நாளு பாத்தியாளா?"

தலையாட்டினாள். கை கழுவும்போது மாமா கேட்டார்: "பள்ளிக்கூடத்துக்கு எந்நேரம் போணும்?"

சித்தி அடுப்படிக்குள் போய்க் குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஜெயித்தவள் எதற்கு அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. மாமாவை மடக்கத்தான் அவள் அத்தனை சோழியையும் எண்ணினாள் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்த அத்தனை காலையிலும் அவளும் தன் பார்வை பொல்லாதது என்று நம்பித்தான் உட்கார்ந்திருந்தாள்.