கண்ணாடித் துண்டில் ஒரு ஜரிகை இழை

என் மேசை இழுப்பறையில் ஒரு கண்ணாடித் துண்டு கிடக்கிறது. அதில் ஒட்டிய ஜரிகை இழையின் நடுவே, ஊசி குத்தினாற்போல் ஒரு கரும்புள்ளி. லேசர் சுட்ட வடு அது.

ஏனாத்தூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில், நான் அக்கா என்று கூப்பிடும் மூத்த ஊழியை ஒருத்தியோடு, ஜரிகையைச் சோதிக்கும் கருவியில் வேலை பார்த்தேன். கண்ணாடி இழை வழியே வரும் லேசர் துடிப்பு பட்டதும் ஜரிகையில் பொறி தெறிக்கும். அந்த ஒளியைப் பிரித்தால் வெள்ளிக்கு ஒரு கோடு, செம்புக்கு ஒரு கோடு என்று திரையில் எழும்பும். நாங்கள் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். பெரிய காஞ்சிபுரத்தில் கூலிக்கு நெய்துகொண்டிருந்த அப்பாவிடம் தினமும் கருவியின் பெருமையை அளப்பேன். "மனுஷன் பொய் சொல்லுவான்பா, மிஷினு சொல்லாது."

அந்தச் சமயத்தில்தான் அப்பா நெய்த சேலை ஒன்றில் ஜரிகை கறுத்தது. தான் கொடுத்த அசல் ஜரிகையை அப்பா விற்றுவிட்டு, போலியைப் போட்டு நெய்ததாக முதலாளி பழி போட்டார். தெருவில் யாரும் அப்பாவுக்கு வேலை தரவில்லை. முதலாளி கொடுத்ததில் பிரிக்காத சுருள் ஒன்று மிச்சமிருந்தது. அதிலிருந்து ஓர் இழையை எடுத்துச் சுட்டோம். வெள்ளி பேருக்குத்தான், மற்றதெல்லாம் செம்பு. கொடுத்ததே போலி! "கவலப்படாதடி, நாளைக்கு எல்லார் முன்னாலயும் சுட்டுக் காட்டிடலாம்" என்று சொல்லி, சுருளைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள் அக்கா. அவள் தோளில் சாய்ந்து அழுதேன்.

மறுநாள் முதலாளியும் தெருப் பெரியவர்களும் பார்க்க, அதே அலமாரிச் சுருளிலிருந்து அக்கா இழையை எடுத்துச் சுட்டாள். வெள்ளிக் கோடு ஜம்மென்று நிமிர்ந்தது. முதலாளி கொடுத்தது அசல்தான், திருடியது அப்பாதான் என்று ஆகிவிட்டது. முந்தைய நாள் சுட்டு, கண்ணாடித் துண்டில் ஒட்டிவைத்திருந்த இழையை நான் நீட்டினேன். "இது எந்தக் கடையில வாங்கினதோ" என்று முதலாளி சிரித்தார். அக்கா என் பக்கம் பாராமல் கருவியை அணைத்தாள். வெளியே வந்து நான் அவளை மடக்கியபோது தலையைக் குனிந்துகொண்டாள். "மொதலாளி வூட்டுக்குத்தான் மருமகளா போறேன்டி. என்னை என்னா பண்ணச் சொல்றே?"

இன்று அவர்கள் கடையிலேயே ஜரிகையைச் சோதிக்க ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறார்களாம். வைத்துக்கொள்ளட்டும். நான் அவளை மன்னிக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து, சுருளை மாற்றியது அக்காதான் என்று சொல்லி, இந்தத் துண்டை அப்பாவின் கையில் வைத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்காவின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"மிஷினு பொய் சொல்லாதுன்னு நீதானேம்மா சொன்னே? நான்தான் எங்கியோ தெரியாம மாத்திப் போட்டு நெய்ஞ்சிக்கினு இருந்திருக்கேன் போல."