மிஞ்சிய கறுப்பு ஒயர்

அந்தப் புல்வெட்டும் டிராக்டரை அக்கா ஸ்க்ரூட்ரைவரால்தான் கிளப்புவார். சாவியைத் திருப்பினால் டிக்கென்று ஒரு சத்தம்தான் வரும். அதைத் திருப்பி வைத்துவிட்டுக் கீழே இறங்குவார். இருக்கையைத் தூக்குவார். பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் தகர டப்பியின் இரண்டு தடித்த ஆணிகளையும் ஸ்க்ரூட்ரைவரால் ஒன்றாகத் தொடுவார். பட்டென்று நீலப் பொறி பறக்கும். எஞ்சின் இருமிக்கொண்டே பிடித்துக்கொள்ளும். நான் சற்றுத் தள்ளி, ஓடுவதற்குத் தோதாக ஒரு காலை எடுத்து வைத்தபடி நிற்பேன்.

“ஏன் தம்பி, பட்டாசுத் திரியில நெருப்பு வெச்சவன் மாதிரி நிக்கிற?”

“பெட்ரோல் டேங்க் பக்கத்துலயே இருக்குக்கா.”

“அது இருக்கற எடத்துல அது இருக்கு. நீ இருக்கற எடத்துல நீ இரு லா.”

எண்பதுகளின் தொடக்கம். தண்ணீர்மலைக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கன்னியாஸ்திரிகள் நடத்திய முதியோர் இல்லம் அது. புல் வெட்டுவது, நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிட்ட அவருடைய வேலை. குழாய், விளக்கு, சாக்கடை எல்லாம் என் பொறுப்பு. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எல்லா வேலையும் பிறர் செய்வதைப் பார்த்துப் பழகியதுதான். அதனால் எதைச் செய்து முடித்தாலும், சரியாகச் செய்தோமா என்ற சந்தேகமும் என்னோடு பஸ் ஏறி ஜெலுத்தோங் வீடு வரைக்கும் வரும்.

டிராக்டர், ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அப்போதே பழசு. அக்காவுக்கு, எப்போதோ பஸ் படியிலிருந்து விழுந்ததில், ஒரு முழங்கால் சரியாக மடங்காது. தள்ளிக்கொண்டு நடக்கும் மெஷினும் தோளில் மாட்டும் மெஷினும் அவருக்கு ஆகாது. டிராக்டர் என்றால் காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளலாம். சலவைக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த அறையும் அந்த வேலையோடு சேர்ந்து கிடைத்ததுதான். வேலை போனால் அறையும் போகும். அவருக்கு வேறு வீடு இல்லை.

சாவியால் கிளப்பினால், கியரில் கிடக்கும் வண்டி கிளம்பாது. அதற்கென்று உள்ளே ஓர் ஏற்பாடு உண்டு. ஸ்க்ரூட்ரைவர் அந்த ஏற்பாட்டைத் தாண்டிக்கொண்டு போய்விடும். ஒரு திங்கட்கிழமை காலை வண்டி கியரில் கிடந்ததை அக்கா பார்க்கவில்லை. பொறி பறந்ததும் யாரும் ஏறாமலேயே அது புறப்பட்டது. வரிசையாக இருந்த பூத்தொட்டிகளை உடைத்துக்கொண்டு போய், மாதா சிலை வைத்த கெபியின் சுவரில் மூக்கை முட்டி நின்றது. பக்கத்து பெஞ்சில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த பெரியவர் கால்களை மட்டும் தூக்கிக்கொண்டார். ஜெபத்தை நிறுத்தவில்லை.

இல்லத்தின் தலைவியான மதர் வராந்தாவிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

“சாவி போட்டா இது ஓடுமா, ஓடாதா?”

“ஓடும் மதர்,” என்றேன். “இந்த டப்பிய மாத்தினா ஓடும்.”

“அப்ப மாத்துங்க. சனிக்கிழமை புல்லு வெட்டற கான்ட்ராக்டர் வர்றாரு. அவரு வரும்போது இது சாவியில ஓடணும். இல்லன்னா வேலைய அவருகிட்ட குடுத்துடுவேன். அந்தப் பெரியவர் மேல ஏறியிருந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?”

அவர் குரலை உயர்த்தவில்லை. அக்கா உடைந்த தொட்டிகளைப் பொறுக்கினார். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலேயே சொன்னார்: “ரூம்ல என்னா பெரிய சாமான் கெடக்கு? ஒரு கட்டிலு, ஒரு ரேடியோ.”

அந்த டப்பிக்குப் பெயர் சொலனாய்டு. சாவியிலிருந்து வரும் சின்னக் கரண்டை வாங்கிக்கொண்டு, ஸ்டார்ட்டருக்குப் போகும் பெரிய கரண்டைத் திறந்துவிடுவது அதன் வேலை. ஜெலுத்தோங்கில் பழைய காடி சாமான், அதாவது கார் உதிரிகள், விற்கும் கடைக்கு அதைக் கழற்றிக்கொண்டு போனேன். கடை முதலாளியான தவுக்கே இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, காடிக்குப் போடும் ஒன்றை எடுத்து வைத்தார். “சாமா லா. போலே.” இரண்டும் ஒன்றுதான், போடலாம் என்கிறார். பழையதில் தடித்த ஆணி இரண்டு, மெல்லிய ஆணி இரண்டு. புதியதில் மெல்லியது ஒன்றுதான் இருந்தது. அதைக் காட்டிக் கேட்டேன். இன்னொன்று தேவையில்லை என்று கையை வீசிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை மாட்டினோம். பேட்டரியைக் கழற்றியது மட்டும் எனக்குப் போதவில்லை. கொட்டகையின் மறுகோடிக்குத் தூக்கிக்கொண்டு போய் சார்ஜில் போட்டுவிட்டு வந்தேன். அக்கா டார்ச் பிடித்தார். எல்லா ஒயரையும் மாட்டிய பிறகு, வண்டியின் உடம்பிலிருந்து வந்த கறுப்பு ஒயர் ஒன்று மிஞ்சியது.

“ஒண்ணு மிஞ்சுதுக்கா.”

“மிஞ்சினா நல்லதுதானே. பத்தாம போனாத்தான் கஷ்டம்.”

அதன் முனையில் டேப்பைச் சுற்றி ஓரமாகக் கட்டினேன். அப்போதும் மனம் அடங்கவில்லை. புது டப்பியிலிருந்து கரண்ட் வண்டியின் உடம்பில் இறங்கி, இருக்கையில் இருப்பவரை அடித்துவிட்டால்? பழைய சைக்கிள் டியூபை வெட்டி டப்பிக்கு அடியில் வைத்தேன். போல்ட்டுகளின் தலைக்குக் கீழே ரப்பர் வளையம் போட்டேன். போல்ட்டின் உடம்பிலும் டேப் சுற்றினேன்.

“டப்பிக்கு ஸ்வெட்டர் போட்டுட்டியா? குளிராது,” என்றார் அக்கா.

சனிக்கிழமை காலை பேட்டரியை மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. பழைய டப்பியாவது டிக்கென்று ஒரு சத்தம் போடும். இது அதுவும் போடவில்லை. மறுபடி திருப்பினேன். ஒயர்களை இழுத்துப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன.

இதற்குள் கான்ட்ராக்டர் வந்துவிட்டார். மோட்டார் சைக்கிளைப் புல்தரையின் நடுவே நிறுத்திவிட்டு, பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டு, எவ்வளவு இடம் என்று கண்ணால் அளந்தார். மதரும் இறங்கி வந்தார்.

“தம்பி, சாவிய திருப்பி அப்பிடியே புடி,” என்று அக்கா மெல்லச் சொன்னார். கையில் ஸ்க்ரூட்ரைவர் இருந்தது. தூக்கிய இருக்கைக்கு அடியில் குனிந்தார்.

“அது வேணாம்னு சொன்னேன்ல?” என்றார் மதர்.

அக்கா சட்டென்று திரும்பிப் பார்த்தார். ஸ்க்ரூட்ரைவர் ஆணிகளைத் தொடாமல் நழுவி, டப்பியின் பக்கவாட்டுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவே விழுந்தது. எஞ்சின் கிளம்பிவிட்டது.

“இதுக்கு எதுக்கு சாவி? ஸ்க்ரூட்ரைவரே ஓட்டுதே!” என்று கான்ட்ராக்டர் சிரித்தார்.

“போதும்,” என்று மதர் திரும்பினார்.

நான் எஞ்சினை அணைத்தேன். அக்கா என்னைப் பார்க்காமல் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏதோ இடறியது. அந்த நீலப் பொறி பறக்கவில்லை. பட்டென்ற சத்தமும் இல்லை. தினமும் அதற்காகவே பயந்து நின்றவனுக்கு, அது வராமல் போனதும் உடனே தெரிந்தது. ஸ்க்ரூட்ரைவர் பெரிய கரண்டைத் தொடவே இல்லை. டப்பியின் உடம்பை வண்டியின் உடம்போடு சேர்த்துவைத்தது, அவ்வளவுதான். வண்டியைக் கிளப்பியது நான் திருப்பிப் பிடித்திருந்த சாவி. சின்னக் கரண்டை வண்டியின் உடம்புக்குத் திருப்பி அனுப்ப, பழைய டப்பியில் கறுப்பு ஒயர் செய்த வேலையை இந்தப் புது டப்பி தன் உடம்பாலேயே செய்கிறது. அந்த உடம்பைத்தான் நான் ரப்பரில் பொதிந்து வைத்திருந்தேன்.

“மதர், கொஞ்சம் நில்லுங்க. இப்ப காட்டுறேன்.”

அவர் நின்றார். அவசர அவசரமாக டப்பியைக் கழற்றினேன். ஒரு போல்ட் புல்லில் விழ, அக்கா தேடிக் கொடுத்தார். டியூப், வளையம், டேப் எல்லாவற்றையும் பிய்த்து எறிந்தேன். அடியிலிருந்த பெயின்ட்டைச் சுரண்டி இரும்பைக் காட்டினேன். டப்பியை வைத்து முறுக்கினேன். ஸ்க்ரூட்ரைவரை மதருக்குத் தெரிகிற மாதிரி தரையில் வைத்துவிட்டு, இருக்கையை இறக்கினேன். அக்கா ஏறி உட்கார்ந்தார். கியரைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். சாவியைத் திருப்பினார்.

கிளம்பியது.

“அணைச்சிட்டு இன்னொரு வாட்டி,” என்றார் மதர்.

இன்னொரு முறையும் கிளம்பியது.

“இன்னிக்கி ஓடுது மதர். நாளைக்கி?” என்றார் கான்ட்ராக்டர்.

“நாளைக்கி ஞாயித்துக்கெழம. யாரும் புல்லு வெட்ட மாட்டாங்க,” என்றார் மதர். அவ்வளவுதான் சொன்னார். உடைந்த தொட்டிகள் இருந்த இடத்தைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

அக்கா வண்டியைத் திருப்பினார். புல்தரையின் நடுவரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை.

“அண்ணே, இத கொஞ்சம் ரோட்டுல எடுத்து நிப்பாட்டுங்க,” என்று சத்தமாகச் சொன்னார். “கீழ இருக்கற புல்ல நான் வெட்டணும்.”