இரண்டு முறை ஓய்வு பெற்றவர்

ஒரே வேலையிலிருந்து ஒருவர் இரண்டு முறை ஓய்வு பெற முடியுமா என்று கேட்டால், முடியும். குடிநீர் வாரியத்து வால்வுக்காரர் பெற்றார். முதல் தடவை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். இரண்டாம் தடவை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். இரண்டு தடவையும் பூங்கொத்து கொடுத்தார்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

அவர் வேலை இதுதான். தெருவுக்குத் தெரு மண்ணுக்கடியில் ஒரு வால்வு இருக்கும். நெஞ்சு உயர இரும்புச் சாவியைக் குழிக்குள் இறக்கி, மேலே உள்ள குறுக்குக் கம்பியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். எந்த வால்வுக்கு எத்தனை சுற்று என்று எந்த ஏட்டிலும் எழுதியிருக்காது. மருத்துவமனைத் தெருவுக்கு இருபத்தெட்டு, சந்தை முக்குக்குப் பத்தொன்பது. இரண்டு சுற்று குறைந்தால் மாடி வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். முப்பத்தைந்து வருஷத்தில் அவருக்கு எண்ணிக்கை தப்பியதே இல்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சேர்த்த தலைக்கனம்.

அவரோடு பதினாலு வருஷமாக ஒரு பெண் தினக்கூலியில் வேலை பார்த்தாள். அவர் சுற்றுகிற வால்வில் பாதியை அவளும் சுற்றுவாள். நிரந்தரமாக்கச் சொல்லி வருஷாவருஷம் மனுப் போடுவாள். காலியிடம் இல்லை என்று வருஷாவருஷம் பதில் வரும். அலுவலகத்தில் அவளுக்கு 'தற்காலிகம்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள், புண்ணியவான்கள். அவள் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்பதால் மனுவை அவர்தான் நிரப்பிக் கொடுப்பார். அவளுடைய முகவரி, பிறந்த தேதி எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நாற்பத்தைந்து வயது தாண்டினால் மனு செல்லாது என்பதும் தெரியும்.

அவர் அறுபதில் ஓய்வு பெற்ற மாதத்தில் அவளுக்கு நாற்பத்தைந்து ஆக இன்னும் ஏழு மாதம் இருந்தது. அவர் எழுந்தால் அந்த இடத்தில் அவள் உட்காரலாம். பொறியாளரே அதைச் சொல்லியிருந்தார், உத்தரவு வர வேண்டியதுதான் பாக்கி.

போகிறவர் அடுத்து வருகிறவர் கையில் எல்லார் முன்னாலும் சாவியைக் கொடுப்பது அங்கே வழக்கம். வால்வுக்காரர் அவள் கையில் கொடுத்து, "இனிமே இது உன்னோடதும்மா. நான் நிம்மதியாப் போறேன்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் அழுதாள். அன்று வெள்ளிக்கிழமை.

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று நான்கு நாள் வீட்டில் இருந்தார். அவர் மனைவி தையல்காரி. கூடம் முழுக்கத் துணியும் அளவு கொடுக்க வந்த பெண்களும். எங்கே உட்கார்ந்தாலும் ஒரு வெட்டின துணி மேல்தான் உட்கார வேண்டியிருந்தது. சமையலறையில் போய் நின்றார். சும்மா இருக்க மாட்டாமல் குழாயைத் திறந்து மூடிச் சுற்று எண்ணினார். நாலேகால். இதற்குமேல் இந்த வீட்டில் தனக்கு வேலை இல்லை என்று புரிந்துபோயிற்று.

புதன்கிழமை பேப்பரில் வந்தது. நாட்டில் வயசானவர்கள் பெருகிவிட்டார்களாம், பிள்ளை பெறுகிறவர்கள் குறைந்துவிட்டார்களாம், இப்படியே போனால் உழைக்கிறவன் ஒருவன், உட்கார்ந்து சாப்பிடுகிறவன் ஒருவன் என்று ஆகிவிடுமாம். அதனால் ஓய்வு வயது அறுபத்திரண்டு. அந்த மாதம் ஓய்வு பெற்றவர்களும் விருப்பம் இருந்தால் பத்து நாளுக்குள் எழுதிக் கொடுத்துத் திரும்பலாம்.

விருப்பம் இருந்தால். அரசாங்கத்தின் மேல் பழியைத் தூக்கிப் போட வழியில்லாமல் செய்துவிட்ட வார்த்தை அது. பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் திரும்பப் போகப்போவதாக மனைவியிடம் சொன்னார்.

அவள் துணியை வெட்டிக்கொண்டே, அப்படியென்றால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று கேட்டாள். அடுத்த முறை பார்த்துக்கொள்வாள் என்றார். கத்திரி நின்றது.

"நாப்பத்தஞ்சு தாண்டினா மனு செல்லாதுன்னு சொல்வீங்களே, அவளுக்கு இப்ப என்ன வயசு?"

"தெரியாது. முப்பத்தெட்டு, நாப்பது இருக்கும். இன்னும் காலம் கெடக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைத்தான் அன்றைக்கு அவர் செய்தார். கத்திரி மறுபடி ஓட ஆரம்பித்தது.

அடுத்த திங்கள் வேலைக்குப் போனார். பழம் நழுவிப் பாலில் விழுந்ததென்று ஆளுக்கு ஆள் கைகுலுக்கினார்கள். சாவி சுவரோரம் சாய்ந்திருந்தது. அதன் குறுக்குக் கம்பியில் சைக்கிள் டியூபை வெட்டி நெருக்கமாகச் சுற்றியிருந்தாள் தற்காலிகம்.

"ரப்பரை எடுத்துடட்டுமாண்ணே? என் கைக்குத் தோதா சுத்தினேன்."

"இருக்கட்டும்மா" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரும் நாலு வார்த்தை கத்தியிருப்பார், சட்டம் பேசியிருப்பார், மனசு ஆறியிருக்கும். அவள் எப்போதும்போலக் குழி மூடியைத் தூக்கிவிட்டு ஒதுங்கி நின்றாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. சாவியைப் பிடிக்கும்போதெல்லாம் அந்த ரப்பர் அவர் உள்ளங்கையில் உறுத்தியது. மாதம் ஏழு போயிற்று. அவளுக்கு நாற்பத்தைந்து ஆன தேதியன்று காலையில் அவர் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டார். காய்ச்சல் ஒன்றும் இல்லை. அந்த வருஷம் அவள் மனுப் படிவம் கொண்டுவரவில்லை. அவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவருக்கு எண்ணிக்கை தப்ப ஆரம்பித்தது. மருத்துவமனைத் தெருவில் இருபத்தாறில் சாவியை உருவப் போவார். பின்னாலிருந்து மெல்லக் குரல் வரும்: "இன்னும் ரெண்டு இருக்குண்ணே." வேறு யார் காதிலும் விழாதபடி சொல்வாள். அவர் சுற்றுவார்.

இரண்டாம் விழாவுக்கு மனைவியும் வந்திருந்தாள். முதல் தடவை பள்ளிச் சீருடை தைத்து முடிக்க வேண்டியிருந்ததால் வரவில்லை. வேறு ஊரிலிருந்து ஓர் ஆளை அந்த இடத்துக்குப் போட்டிருந்தார்கள். வழக்கப்படி வால்வுக்காரர் சாவியை அவன் கையில் கொடுத்தார். இந்தத் தடவை ஒன்றும் பேசவில்லை. அந்த ஆள் கம்பியைத் தடவிப் பார்த்தான், பிசுபிசுப்பாக இருக்கிறது என்றான், பேனாக்கத்தியால் ரப்பரைக் கிழித்துப் போட்டான். தேநீர் கொடுத்துக்கொண்டு வந்த தற்காலிகம் குனிந்து அதை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, அடுத்த கோப்பையை வால்வுக்காரரின் மனைவியிடம் நீட்டினாள்.

மனைவி கோப்பையை வாங்கிக்கொண்டு, "உனக்கு என்ன வயசாகுதும்மா?" என்று கேட்டாள்.

"நாப்பத்தாறு முடிஞ்சு அஞ்சு மாசம் ஆச்சுங்க."

தையல்காரிக்குக் கணக்குப் போடக் காகிதம் வேண்டுமா? அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த பூங்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். மருத்துவமனைத் தெரு வால்வு மூடியைத் தாண்டியதும் அவள் சொன்னாள்.

"அன்னைக்குத் தெரியாதுன்னீங்க."

அவர் நாலு வீடு கழித்துத்தான் வாயைத் திறந்தார்.

"தெரியும். பொறந்த தேதி, கிழமையோட தெரியும்."

மனைவி நடையை நிறுத்தவில்லை. அவர் பூங்கொத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.