மூன்றாம் ஹாலின் பயமானி

பேய்ப்படங்களில் எது நிஜமாகவே பயமுறுத்தும், எது சும்மா கத்திக் கூப்பாடு போடும் என்று தெரிந்துகொள்ள, படத்தைப் பார்க்கவேண்டிய அவசியமே கிடையாது. படம் விட்டபின் தரையைப் பார்த்தால் போதும். இதைக் கண்டுபிடித்தது பெரிய விமர்சகர் யாருமில்லை. மூன்று ஹால் கொண்ட ஒரு பழைய தியேட்டரில் பன்னிரண்டு வருடமாகத் துடைப்பம் பிடிக்கிற ஒரு பெண். மேனேஜர் அவளுக்கு வைத்த பெயர் பயமானி. வெப்பத்தை அளக்க ஒரு மானி இருக்கிறதல்லவா, அதுபோல பயத்தை அளக்க இவள்.

பாப்கார்ன் தரையெல்லாம் சிதறிக் கிடந்தால் அந்தப் படத்தின்மேல் அவளுக்கு மரியாதையே போய்விடும். "தூக்கிவாரிப் போட்டிருக்கு, அவ்வளவுதான். பக்கத்துல பட்டாசு வெடிச்சாலும் கொட்டத்தான் செய்யும். அதுக்குப் பேரு பயமா?" என்பாள். நிஜப் பயம் எதையும் சிந்தாது. பாப்கார்ன் டப்பா முக்கால்வாசி நிறைந்தபடி காலடியில் நிற்கும். அதற்குள் கையை விடக்கூட ஆளுக்குத் துணிச்சல் வந்திருக்காது. கோலாவில் போட்ட ஐஸ் கரைந்து தண்ணீராகியிருக்கும். சீட்டின் முன்விளிம்பில் செருப்புத் தூசி படிந்திருக்கும். கீழே ஏதோ இருக்கிறது என்று காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்த தூசி அது. இரண்டு சீட்டுக்கு நடுவிலிருக்கும் கைப்பிடி ஈரமாக இருந்தால் படம் அமோகம்.

மேனேஜர் முதலில் சிரித்தார். படித்த மனுஷர், சிரிக்காமல் என்ன செய்வார்? ஆனால் அவர் பொறுக்கிய படங்கள் மூன்று நாளில் மூட்டை கட்டின. அவள் "இது தேறும் சார்" என்று சொன்ன படங்களுக்கு வந்த ஜனம், அடுத்த வாரம் அக்கா தங்கையையும் இழுத்துக்கொண்டு மறுபடி வந்தது. அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. மூன்றாம் ஹாலில் பேய்ப்படம் மட்டும்தான். புதிதாக வருகிற படத்தைக் காலையில் ஒரே ஒரு காட்சி ஓட்டிப் பார்ப்பார்கள். அவள் கூட்டி முடித்து வெளியே வந்து தேறும், தேறாது என்று சொல்வாள். அவள் வாய்தான் தீர்ப்பு. அந்த மதிப்பை அவள் ரொம்பப் பொத்திப் பாதுகாத்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதில் பெரிய வேடிக்கை, அவள் ஒரு பேய்ப்படம்கூடப் பார்த்தது கிடையாது. ஹாலில் விளக்கு மங்க ஆரம்பித்தால் துடைப்பத்தோடு வெளியே வந்துவிடுவாள். இருட்டு என்றால் அவளுக்குக் குலை நடுங்கும். வீட்டில் பாத்ரூம் விளக்கைப் போட்டுவைத்துவிட்டுத்தான் படுப்பாள். "ஊருக்கே பேய் பொறுக்கிக் குடுக்கறவ, வீட்ல பல்பு இல்லாம தூங்க மாட்டா" என்று கணவர் கேலி செய்வார். அவர் ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகுட்டி இல்லை. அவருக்கு இவள், இவளுக்கு அவர், அவ்வளவுதான் குடும்பம்.

கொஞ்ச நாளாக அவர் போக்கே புதிதாக இருந்தது. வீட்டு பல்பையெல்லாம் கழற்றிவிட்டுக் கண் கூசுகிற பல்பாக மாட்டினார். தினமும் வேனில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறவர், "ரூட்டை மாத்திட்டாங்க" என்று அவளோடு பஸ்ஸில் வந்து தியேட்டர் வாசலில் விட்டுவிட்டுப் போனார். ரோடு தாண்டும்போது அவள் தோளில் கை வைத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட அப்படி நடக்காத மனுஷன்.

"என்னங்க, ஐம்பது வயசுல காதல் பொத்துக்கிட்டு வருதா?" என்றாள்.

"வந்தா வேண்டாம்பியா?"

அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்துபோயிற்று. அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சீட்டு விவகாரம் ஆரம்பித்தது. பதினோரு மணிக் காட்சிக்கு இருபது பேர் வந்தால் அதிகம். எல்லோரும் பின்னால் உட்காருவார்கள். முன்பாதியை அவள் பேருக்குத்தான் கூட்டுவாள். ஒரு நாள் அப்படிக் கூட்டிக்கொண்டு போனபோது, திரையிலிருந்து பத்தாவது வரிசையில், நடைபாதை ஓரத்து சீட்டின்மேல் கை பட்டது. சீட்டு சூடாக இருந்தது. கைப்பிடி இரண்டும் ஈரம். ரெக்ஸினில் பிறைபிறையாக நகத்தடம், பக்கத்துக்கு நான்கு. கப் வைக்கிற குழியில் ஒரு டிஷ்யூ, நாலாக மடித்து, நனைந்து கிடந்தது. யாரோ அழுதிருக்கிறார்கள். பயத்தில் நகம் கடித்த சீட்டு, செருப்பை விட்டுவிட்டு ஓடின சீட்டு எல்லாம் பார்த்திருக்கிறாள். அழுத சீட்டை அன்றைக்குத்தான் பார்த்தாள். இன்னொன்றும் விநோதமாகப் பட்டது. குப்பையைக் கீழே எறியாமல், அவள் குனியாமலே எடுக்கிற மாதிரி வைத்துவிட்டுப் போன ஆளை அவள் கண்டதே இல்லை.

அன்றைக்கு ஓடியது கிணற்றுக்குள்ளிருந்து ஏதோ ஏறி வருகிற படம். பின்வரிசைகளில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு சீட்டை நினைத்து அவள் அடித்துச் சொன்னாள். "இது தேறும் சார். ஒரு ஆளையாவது நிஜமா உலுக்கியிருக்கு."

தேறவில்லை. இரண்டு வாரம் ஹால் ஈ ஓட்டியது. அடுத்த படத்துக்கும் அந்த சீட்டை நம்பியே தலையாட்டினாள். அதுவும் படுத்துவிட்டது. மேனேஜர் கூப்பிட்டு உட்காரவைத்தார். 

"என்னம்மா பயமானி, மீட்டர் கோளாறா? இன்னும் ஒண்ணு இப்படிக் கவுத்துச்சுன்னா மூணாம் ஹாலைப் பூட்டி யாருக்காவது குடோனுக்கு விட்டுடுவேன். அப்புறம் உங்களுக்கு இங்க என்ன வேலைன்னு நீங்களே சொல்லுங்க."

அவள் சீட்டைப் பற்றிச் சொன்னாள். டிக்கெட் கவுன்டர் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். "முன்பாதியில காலை ஷோவுக்கு இந்த மாசம் பூரா ஒரு டிக்கெட்கூடப் போகலையே!" வாசலில் டிக்கெட் கிழிக்கிற கேட்காரரைக் கேட்டார்கள். "என்னைத் தாண்டி ஒரு ஈ போகாது சார்" என்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தத் தடம் நகர ஆரம்பித்தது. பத்தாம் வரிசையில் இருந்தது ஒரு வாரம் கழித்து எட்டாம் வரிசையில். பிறகு ஆறில். எப்போதும் அதே ஓரத்து சீட்டு, அதே நகத்தடம், அதே நாலு மடிப்பு. பிறகு நான்கில். கேன்டீன் அக்கா அதற்குப்பின் மூன்றாம் ஹாலுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"திரையில இருந்து இறங்குனது திரைக்கே திரும்பிப் போகுதுடி. நாலு போனா ரெண்டு. ரெண்டு போனா, அப்புறம் என்ன இருக்கு?"

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு அக்கா. நான்தான் அங்க தனியாக் கூட்டணும்."

ஒரு நாள் முதலாம் ஹாலில் ஏசி கெட்டுப்போய், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போடவேண்டிய கார்ட்டூனை மூன்றாம் ஹாலில் போட்டார்கள். ஒரு முயல் காரட் தேடிக்கொண்டு போகிற படம். பிள்ளைகள் ஹாலையே கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போயிருந்தன. அவள் சிரித்துக்கொண்டே கூட்டிக்கொண்டு வந்தாள். நான்காம் வரிசையை எட்டியதும் கை அப்படியே நின்றது. ஓரத்து சீட்டில் நகத்தடம் முன்னெப்போதையும்விட ஆழமாக, ஒரு இடத்தில் ரெக்ஸினே கிழிந்திருந்தது. குழியில் ஒன்றுக்கு மூன்று டிஷ்யூ, மூன்றும் நாலு மடிப்பு, மூன்றும் ஈரம்.

முயல் படத்துக்கு யார் இப்படிப் பயப்படுவார்கள்? அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எந்தப் படமும் அந்த சீட்டைப் பயமுறுத்தவில்லை. அங்கே வந்து உட்காருவது எதுவோ, அது வரும்போதே பயத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. 

வீட்டுக்குப் போனதும் கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். டம்ளர் நிரம்பி, வழிந்து, மேஜையெல்லாம் ஓடியது.

"ஏங்க, டீ!"

"அந்தப் பக்கம் போகாத" என்றார். குரல் நடுங்கியது. "அந்த வரிசையைக் கூட்டாம விட்டுடு. ஒண்ணும் ஆகாது."

ஆம்பிளைக்கே இப்படி நடுங்குகிறது என்றால் நம் கதி என்ன என்று நினைத்துக்கொண்டு அவள் மேஜையைத் துடைத்தாள்.

மறுநாள் காலையில் புதுப்படம். தீர்ப்புத் தவறினால் ஹால் போயிற்று. அந்த சீட்டைக் கணக்கில் சேர்ப்பதா, தள்ளுவதா என்று தெரியாமல் அவளால் வாயைத் திறக்க முடியாது. தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் முதல்தடவையாக விளக்கு மங்கும்போது அவள் வெளியே வரவில்லை. நாலு போனால் ரெண்டு என்று கணக்குப் போட்டு, இரண்டாம் வரிசையில் ஓரத்து சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். மடியில் டார்ச். கண்ணை இறுக மூடிக்கொண்டு, காலைத் தூக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டாள்.

படம் தொடங்கியது. காற்று ஊளையிட்டது. அதற்கு நடுவே வேறொரு சத்தம். தட். கொஞ்சம் இடைவெளி. தட். யாரோ சீட்டுகளின் தலையைத் தட்டி எண்ணிக்கொண்டு மேலிருந்து இறங்கி வருகிறார்கள். காலடி ஒவ்வொன்றும் தரை இருக்கிறதா என்று கேட்டு வைப்பது மாதிரி விழுந்தது. மூன்றாம் வரிசையில் தட். டார்ச்சைப் போட விரல் வரவில்லை.  பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அவள் தோளில் விழுந்தது.

அந்தக் கையின் கனம் அவளுக்குத் தெரியும். தினமும் ரோடு தாண்டும்போது விழுகிற கை.

"மன்னிச்சுக்கங்கம்மா. ஆள் இருக்கறது தெரியல" என்றார் அவள் கணவர்.

அவள் கண்ணைத் திறந்தாள். அவர் தடவித் தடவி ஓரத்து சீட்டைப் பிடித்து உட்கார்ந்தார். திரையின் வெளிச்சம் நேராக அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் அவள் பக்கம் திரும்பி, ஒரு முழம் தூரத்திலிருந்து அந்த முகத்தைப் பார்த்து, முன்பின் தெரியாதவளிடம் சிரிப்பதுபோல மரியாதையாகச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். இருபத்தாறு வருடம் வாழ்ந்த முகம் அது. அவள் கை தானாகக் கைப்பிடியைப் போய்ப் பிடித்தது.

அவர் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து இரண்டு கண்ணிலும் சொட்டுவிட்டார். வழிந்ததை டிஷ்யூவால் ஒற்றி, நாலாக மடித்து, குழியைத் தடவிப் பார்த்து அதில் வைத்தார். கொஞ்சநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? இப்ப அங்க என்னங்க தெரியுது?"

அவள் திரையைப் பார்த்தாள்.

"ஒரு வீடு. கதவு திறந்து கிடக்கு. உள்ள ஒரே இருட்டு. வாசல்ல ஒரு பொம்பளை நிக்கறா."

அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். "நீயா?" என்றார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ரெண்டு மாசமாச்சு. வேன் முன்னாடி ஒரு ஸ்கூல் பொண்ணு. பிரேக் போட்டு நின்னப்புறம்தான் கண்ணுல பட்டா. அன்னிக்கே சாவியைக் குடுத்துட்டு, சேத்து வச்ச லீவை எழுதிக் குடுத்துட்டேன். கண் நரம்பு காயுதாம். போனது திரும்பாதாம்."

"அதுக்கு இங்க எதுக்கு வரணும்?"

"உள்ள விட ஒரு ஆள் இருந்தாரு. அப்புறம், பேய்ப்படம் பூரா இருட்டா இருக்கும். எத்தனாவது வரிசையில இருந்து தெரியுதுன்னு தினம் பார்த்துக்குவேன். பத்துல தெரியாமப் போச்சு, எட்டுக்கு வந்தேன்." குப்பியைப் பைக்குள் போட்டார். "அன்னிக்கு முயல் படம் போட்டாங்களே. அத்தனை பிள்ளைங்களும் சிரிச்சாங்க. எதுக்குச் சிரிக்கறாங்கன்னே தெரியல."

"எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிச் சொல்லுவேன்? உனக்குத்தான் இருட்டுன்னா பயமாச்சே."

எத்தனையோ சீட்டைப் பார்த்து முன்பின் தெரியாதவர்களின் பயத்தைச் சொன்னவள், தன் வீட்டு மேஜையில் வழிந்த டீயைத் துடைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள். அதை நினைத்ததும் அவளுக்குத் தன்மேல் வந்த கோபம் சொல்லி மாளாது. அழுதால் அவருக்குக் கேட்டுவிடும். அதனால் அழாமல் திரையைப் பார்த்தாள்.

"உள்ள போறா. சுவத்தைத் தடவிக்கிட்டே போறா. படி இருக்கு" என்றாள்.

"தனியாவா?"

"இல்ல. பின்னாடி ஆள் இருக்கு."

பின்வரிசையிலிருந்து யாரோ உஷ் என்றார்கள். அவள் அவர் காதோரம் குனிந்து மீதிப் படத்தையும் சொன்னாள்.

விளக்கு வந்ததும் எழுந்து, பின்னாலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாள். பாப்கார்ன் எக்கச்சக்கமாகச் சிந்தியிருந்தது. வாசலில் கேட்காரர் அவளைப் பார்த்ததும் தலையைத் தொங்கப்போட்டார். மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"என்ன சொல்றீங்க?"

"தேறாது சார். வெறும் பட்டாசு. வேற படம் போடுங்க."

"ரெண்டாம் வரிசையில ஒருத்தர் இன்னும் உட்கார்ந்திருக்காரே, அவர் சீட்டும் பக்கத்து சீட்டும் நகத்தடமா இருக்கே. செருப்புத் தூசிகூட இருக்கு?"

"அது கணக்குல வராது சார். நானும் எங்க வீட்டுக்காரரும்."

கடைசியாக இரண்டாம் வரிசைக்கு வந்தாள். அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். துடைப்பச் சத்தம் கேட்டதும் காலைத் தூக்கிக்கொண்டார். அவள் குழியிலிருந்த டிஷ்யூவை எடுத்தாள்.

"ரெண்டு மாசமா என் உயிரை வாங்குச்சே இந்தக் காகிதம். எல்லாரையும் மாதிரி கீழ போட்டா என்ன?"

"கீழ போட்டா நீதானே குனிஞ்சு எடுக்கணும். உனக்கு இடுப்பு வலிக்குமே."

 துடைப்பத்தைச் சீட்டில் சாய்த்துவிட்டு, அவர் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

"பன்னெண்டு படி இருக்கு" என்றாள். "எண்ணிக்கிட்டே வாங்க."