அக்காவின் பெயர் ஏறிய நோட்டு

யுத்தத்தால் காகிதம் கிடைக்காத நாட்கள். பழைய நோட்டின் பின்பக்கங்களில், கல்லூரிக் கட்டுரைக்காக என் மகன் சமணர் மலையைப் பற்றி என் அக்காவிடம் கேட்டு எழுதினான். அவன் சீவிய பென்சிலின் மரவாசனை என்னை எட்டு வயதுக்கு இழுத்துப் போனது.

அன்றும் அந்த மலையடியிலிருந்த எங்கள் ஊர் கீழக்குயில்குடிக்கு ஒரு கல்லூரி மாணவர் நோட்டோடு வந்தார். உள்ளங்கால் பொசுங்கப் பாறையேறி, புதருக்குப் பின்னால் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கையைக் கண்டுபிடித்தவள் நான். சொல்ல வாயெடுத்தேன்.

“மூத்தவ இருக்கும்போது ஒனக்கென்ன பேச்சு? அவ சொல்லட்டும்,” என்று வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அதட்டினார் அய்யா.

“நாந்தான் மொதல்ல பாத்தேன்,” என்றாள் அக்கா, கூசாமல். நோட்டில் அவள் பெயர் ஏறியது.

இன்றும் அதையேதான் சொன்னாள். அவள் தண்ணீர் குடிக்க உள்ளே போனதும் மகன் என்னிடம் திரும்பினான்.

“அம்மா, கட்டுரையில போடணும். பெரியம்மாவுக்கு என்ன வயசு?”

பத்து வயது கூட்டிச் சொன்னேன்.