அர்த்தநாரி ஏர் பூட்டிய காலை

நல்லேப்பிள்ளியில் அர்த்தநாரியைப் பற்றிக் கேட்டால், "நல்ல மனுசன், பாவம்" என்பார்கள். அந்தப் பாவம் சொல்கிறவர்களில் ஒருவரும் அவன் வயலில் ஓர் உழவுச்சால் ஓட்டிக் கொடுத்ததில்லை. வாய்ப்பேச்சுக்கு என்ன செலவு?

எழுபத்து நாலாம் வருடத்தில் அவனுக்கு வெறி ஏறியது. தூக்கமில்லை, பேச்சு ஓயவில்லை. உழவு மாடுகளைச் சந்தையில் முகம் தெரியாத ஒருவனுக்குச் சும்மா கொடுத்துவிட்டு வந்தான். பிறகு மழைக்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துக் கிடந்தான். இப்படி ஆனது அது மூன்றாவது தடவை. திருச்சூர் டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் வரப்பு கொஞ்சம் கரைகிற மாதிரி, ஒவ்வொரு தடவையும் மூளையும் கரைகிறதோ என்று தனக்குச் சந்தேகம் என்றார். மண்டைக்குள் பார்க்க வழியில்லை என்றும் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே, அந்த மட்டில் நல்ல மனிதர்.

மாத்திரை கேட்டது. அர்த்தநாரி கத்துவதில்லை, சிரிப்பதுமில்லை. ஏர் பூட்ட நுகத்தை எடுப்பான். மாட்டை நுகத்தில் பிணைக்கப் பூட்டாங்கயிறு எடுக்கப் போன இடத்தில், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பான். மனைவி பழனாத்தாள் போய்க் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். குளிக்கச் சொன்னால் குளிப்பான். பெற்ற தாய்க்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்து, சோறு ஆயிற்றா என்று கேட்டான்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. அண்ணன் பொங்கியண்ணன் வந்து சொன்னான்: "அவனால ஆகாது அம்மிணி. இந்த உழவுக்கும் அவன் ஏர் பூட்டலீன்னா வயலை நானே சேத்தி ஓட்டிக்கறேன். சோத்துக்கு நெல்லு அளந்துடறேன்."

அளந்து போடுகிற நெல்லைத் தின்னப் பழனாத்தாளுக்கு மனமில்லை. மாத்திரையை நிறுத்தினாள். டாக்டரைக் கேட்கவில்லை, அவனையும் கேட்கவில்லை. தப்புத்தான். அவள் இடத்தில் நின்று பார்த்தவர்கள் ஏசட்டும்.

கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் அவள் தாய்வீட்டார் கொடுத்த மாடுகள் தொழுவத்தில் இல்லை. வயலுக்கு ஓடினாள். அர்த்தநாரி பாதி வயலை உழுது முடித்திருந்தான். சால் கோணவில்லை. பொங்கியண்ணன் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "சரி, அவனே ஓட்டட்டும்" என்று போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து அர்த்தநாரி சாப்பிட உட்கார்ந்தான். "கொழம்புல புளி தூக்கலா இருக்குது புள்ளெ" என்று சிரித்தான். பழனாத்தாள் சந்தோஷத்தில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"மிச்சத்த ஓட்டிப்போட்டு அண்ணன் வயலு," என்றான் அவன். "ராத்திரிக்குக் கோயில் நெலம். ஊருல ஒருத்தனும் ஏரைத் தொட வேண்டியதில்ல. மாட்டையும் ஆருக்காச்சும் குடுத்துரலாம், பாவம்."

அவன் கண் பளபளத்தது. இது எதில் போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். மாத்திரை போட்டால் மிச்ச வயலை அண்ணன்தான் ஓட்டுவான், அதுவும் அவளுக்குத் தெரியும். உள்ளே போய் மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வந்து முன்னால் வைத்தாள்.

அர்த்தநாரி அதையே பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"இன்னிக்கு ஒரு நாளு உடு புள்ளெ. இத்தன நாளுக்கு அப்பறம் இன்னிக்குத்தான் உன்னையப் பாக்கவே புடிக்குது."

"எனக்கும் புடிச்சுத்தானுங்க இருக்குது," என்றாள் பழனாத்தாள். "முழுங்கிருங்க."